உள்ளாட்சிக் கட்டுமான டெண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சியில் ஒரு சிமெண்ட் சாலை, பேரூராட்சியில் மழைநீர் வடிகால், நகராட்சிப் பள்ளியில் இரண்டு வகுப்பறை. இப்படிப்பட்ட வேலைகளுக்கு டெண்டர் போடும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்குப் பல வருடங்கள் காகிதம் தயார் செய்து கொடுத்தவன் நான். அவர்களில் பலர் விலைக் கவர் பிரிக்கும் கட்டம் வரை போகவே இல்லை. அதற்கு முன்பே ஏதோ ஒரு சான்றிதழிலோ கையெழுத்திலோ வெளியேறிவிட்டார்கள். வேலை கிடைத்தவர்கள் சிலரும் வாய்வார்த்தையை நம்பிச் செய்த வேலைக்குப் பணம் வாங்க முடியாமல் அலைந்தார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், தங்கள் தெருவில் நடக்கும் வேலையைப் பற்றி ஊர்க்காரர்கள் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு விதிகளை வைத்துச் சொல்பவை.

உள்ளாட்சி டெண்டரை எந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. அதன் கீழ் 2000-ஆம் ஆண்டு விதிகள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. அரசுத் துறைகளோடு உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. யார் எவ்வளவு தொகைக்கு அனுமதி தரலாம், மன்றத் தீர்மானம் எப்போது வேண்டும் என்பவை வேறு இடத்தில் இருக்கும்: கிராமப்புறத்துக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், நகரத்துக்கு 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். இந்த இரண்டாவது சட்டம் பல வருடம் கிடப்பில் கிடந்து, 2023-இல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தில் இரண்டு பதவிகள் வரும். ஒருவர் டெண்டர் கோரும் அதிகாரி, இன்னொருவர் டெண்டரை ஏற்கும் அதிகாரி. யாருக்கு மனு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும். அதனால் உங்கள் டெண்டரில் இந்த இருவரும் யார் யார் என்பதை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வேலைக்கும் டெண்டர் கட்டாயமா?

பொது விதி டெண்டர்தான். இயற்கைப் பேரிடர் போன்ற அவசரம், ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் பொருள், சிறு தொகைக்கான கொள்முதல் என்று சில விலக்குகளைப் பிரிவு 16 தருகிறது. தொகை வரம்பு அரசாணையால் மாறக்கூடியது என்பதால் பழைய கணக்கை நம்பாமல் நடப்பு ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே சாலையை மூன்று துண்டாகப் பிரித்து மூன்று சிறு வேலையாகக் கொடுக்கிறார்கள். அது சரியா?

வேலையின் தன்மைக்காகப் பிரித்தால் சரி. கட்டடம் தனி, மின்வேலை தனி என்பது போல. டெண்டர் வரம்புக்குக் கீழே கொண்டுவர வேண்டும், மேலதிகாரியின் அனுமதி தேவைப்படாமல் செய்ய வேண்டும் என்பதற்காகவே பிரித்தால் தவறு. ஒரே தெரு, ஒரே மாதம், ஒரே விதமான வேலை, மூன்று எஸ்டிமேட், ஒவ்வொன்றும் வரம்புக்குக் கொஞ்சமே கீழே. இப்படி ஒரு கோப்பு உள்ளாட்சி நிதித் தணிக்கையில் கேள்வி இல்லாமல் தப்புவது கடினம். அந்தத் தணிக்கை ஆட்சேபம் பல வருடம் கழித்து வந்தாலும் கையெழுத்துப் போட்டவரைத் தேடித்தான் வரும்.

அறிவிப்பு எங்கே வரும்? எத்தனை நாள் தருவார்கள்?

tntenders இணையதளம் என்று எல்லோரும் சொல்லும் அரசின் மின்கொள்முதல் தளத்தில் தினமும் ஒரு முறை பாருங்கள். அது போக மாவட்ட டெண்டர் செய்தி மடல், மாநில டெண்டர் செய்தி மடல், நாளிதழ் விளம்பரம் ஆகியவையும் உண்டு.

நாள் கணக்கு முக்கியம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும் என்கிறது விதி 20. குறைக்க வேண்டுமென்றால் மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். 'அவசரம்' என்று ஒற்றை வார்த்தை எழுதுவதைக் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை அறிவித்து வெள்ளிக்கிழமை முடிகிற டெண்டரைப் பார்த்தால், யாரோ ஒருவர் முன்கூட்டியே எல்லாம் தயாராக வைத்திருக்கிறார் என்றுதான் வெளியில் இருப்பவர் நினைப்பார். நாள் குறைப்பு ஆணையின் நகலைக் கேளுங்கள்.

முதல் முறை போடுகிறேன். என்னென்ன வேண்டும்?

ஒப்பந்தக்காரர் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு, பான், வருமான வரித் தாக்கல் நகல், சொத்து மதிப்புச் சான்று, இதற்கு முன் முடித்த வேலைக்கான சான்று, கேட்கப்பட்டால் இயந்திரப் பட்டியல். ஆன்லைனில் போட டிஜிட்டல் கையெழுத்துச் சாவி வேண்டும். எந்தக் காகிதம் தேவை என்பதை அந்தந்த டெண்டர் ஆவணம்தான் முடிவு செய்யும். போன டெண்டருக்குத் தயார் செய்த காகிதக் கட்டை அப்படியே ஏற்றாதீர்கள்.

பலரும் தடுக்கி விழும் சில இடங்கள் உண்டு. சான்றிதழின் காலாவதித் தேதி, டெண்டர் தொடங்கிய நாளுக்கும் முடிகிற நாளுக்கும் நடுவில் வந்து நிற்கும். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றிவிடுவார்கள், தளம் ஏற்காது. கடைசி அரை மணி நேரத்தில் இணையம் படுத்துவிடும். தளத்தின் கடிகாரம்தான் கணக்கு. உங்கள் கைக்கடிகாரம் செல்லாது. முந்தின நாள் மாலையே ஏற்றிவிடுங்கள். முடியும் நேரம் வரை திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். ஆனால் 'திரும்பப் பெறு' என்பதை அழுத்திவிட்டால் அதே டெண்டருக்குள் மீண்டும் நுழைய முடியாது. இதைத் தெரியாமல் அழுத்திவிட்டு எனக்கு போன் செய்தவரின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு கவர் முறையில் முதல் கவரில் தகுதிக் காகிதங்கள், இரண்டாவதில் விலை. முதல் கவரில் தவறியும் விலையைக் காட்டாதீர்கள்.

இ.எம்.டி. எவ்வளவு? எப்போது திரும்பும்?

இ.எம்.டி. என்பது டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை. அது வழக்கமாக வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை கிடைக்காதவர்களுக்கு அது திரும்ப வேண்டும். தானாக வரும் என்று காத்திருக்காமல் ஒரு கடிதம் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். வேலை கிடைத்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் அந்தத் தொகை போய்விடும்.

ஒரு சிறு குறைக்காக என் டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். அது செல்லுமா?

எந்த நிபந்தனையில் குறை என்பதைப் பொறுத்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த போடார் ஸ்டீல் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் வேறொரு அரசுடைமை வங்கியின் சான்றளித்த காசோலையைக் கொடுத்தார். பணம் உறுதியாக இருக்கிறதல்லவா, இது அடிப்படை நிபந்தனை அல்ல, இதைத் தளர்த்த அதிகாரிக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். தகுதி, அனுபவம், கடைசி நேரம் போன்றவை அடிப்படை நிபந்தனைகள். அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும். அவற்றுக்குத் துணையாக வருபவற்றில் தளர்வு காட்டலாம். ஆனால் கவனியுங்கள்: 'தளர்த்தலாம்' என்றுதான் தீர்ப்பு சொல்கிறது. தளர்த்தச் சொல்லி நீங்கள் கட்டாயப்படுத்த முடியும் என்று அதற்குப் பொருள் இல்லை. உங்கள் போட்டியாளருக்கு இதே குறையை மன்னித்து உங்களைத் தள்ளியிருந்தால், அப்போதுதான் உங்கள் கேள்விக்கு வலு வரும்.

நிபந்தனைகளைப் படித்தால் ஒரே ஒருவருக்காக எழுதியது போல இருக்கிறதே?

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. விலைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே போட்டியை முடித்துவிடும் வழி இது. பத்து லட்ச ரூபாய் வடிகாலுக்குச் சொந்தமாக ரெடிமிக்ஸ் ஆலை வேண்டும் என்பது. குறிப்பிட்ட அந்த ஊரிலேயே மூன்று வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது. ஒரே ஒரு கம்பெனியின் பெயரை எழுதி, 'அல்லது அதற்கு இணையானது' என்ற சொல்லை விட்டுவிடுவது.

டெண்டர் பிரிப்பதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். "இந்த நிபந்தனை வேலையின் எந்தத் தேவைக்காக?" என்ற ஒரே கேள்வி போதும். மாற்றம் செய்தால் டெண்டர் வாங்கிய எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டியது அலுவலகத்தின் பொறுப்பு. கேட்காமல் கலந்துகொண்டு, தோற்ற பிறகு நிபந்தனை தவறு என்று சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நிபந்தனையை ஏற்றுத்தானே கையெழுத்துப் போட்டாய் என்பார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. அறிவித்த தகுதியை அலுவலகமே மீறக் கூடாது. 1979-இல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் டெண்டர். ஐந்து வருட அனுபவமுள்ள பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு ஹோட்டல்காரராக இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். தான் வகுத்த அளவுகோலுக்கு அரசு அமைப்பு கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் அந்த ஒப்பந்தத்தை அது ரத்து செய்யவில்லை. வழக்குப் போட்டவர் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமாக வந்திருந்தார், அதற்குள் எதிர்த்தரப்பு நிறையச் செலவு செய்துவிட்டது. நியாயம் அவர் வாதத்தின் பக்கம் இருந்தும் தாமதத்தால் பலன் கிடைக்கவில்லை.

எஸ்டிமேட்டை விட எவ்வளவு குறைத்துப் போடலாம்?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. 'எவ்வளவு பிலோ போனால் வேலை கிடைக்கும்' என்று கேட்காமல், 'எவ்வளவுக்குக் கீழே போனால் எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

எஸ்டிமேட் அரசின் விலை அட்டவணையை வைத்துப் போடப்படுகிறது. அட்டவணை பொதுவானது. உங்கள் குவாரி எத்தனை கிலோமீட்டர், வண்டி உள்ளே போகுமா, தெருவில் தண்ணீர்க் குழாய் எத்தனை இடத்தில் குறுக்கிடும் என்பது அதற்குத் தெரியாது. வேலை இடத்தை நேரில் பார்க்காமல் விலை எழுதாதீர்கள். 20 லட்ச ரூபாய் எஸ்டிமேட்டுக்கு 18 சதவீதம் குறைத்தால் கையில் வருவது 16 லட்சத்து 40 ஆயிரம். அட்டவணையில் ஒப்பந்தக்காரருக்கென்று வைத்திருக்கும் லாபம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் மீதிக் குறைவு எங்கிருந்தோ வர வேண்டும். பெரும்பாலும் சிமெண்டிலிருந்தோ கனத்திலிருந்தோதான் வரும். அந்தச் சாலையில் நடக்கப் போவது அந்த ஊர்க் குழந்தைகள்.

இனவாரியாக, அதாவது மண்வேலை, கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதும் டெண்டரில் இன்னொரு ஆபத்து. ஆரம்பத்தில் வரும் மண்வேலைக்கு அதிக விலையும் கடைசியில் வரும் பூச்சுக்கு அடிமாட்டு விலையும் எழுதி, முதல் பில்லிலேயே பணத்தை எடுத்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அளவு மாறினால் அதே கணக்கு கழுத்தை நெரிக்கும். விவரமான பொறியாளர் இதைப் பார்த்தவுடனே ஒவ்வொரு இனத்துக்கும் விலைப் பகுப்பாய்வு கேட்பார். கேட்கவும் வேண்டும்.

மிகக் குறைந்த விலை போட்டவருக்குக் கட்டாயம் கொடுத்தாக வேண்டுமா? அப்புறம் பேரம் பேசலாமா?

தகுதியும் நிபந்தனையும் பொருந்தியவர்களுக்குள் குறைந்த விலைக்காரருக்குத்தான் வேலை. அந்த விலையும் சந்தை விலையையோ அட்டவணை விலையையோ விட அதிகம் என்று தோன்றினால், அவரிடம் மட்டும் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம். பிரிவு 10 அதைத்தான் அனுமதிக்கிறது. இரண்டாவது, மூன்றாவது ஆட்களைக் கூப்பிட்டு, "அவர் இவ்வளவு சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்" என்று ஏலம் நடத்த இடமில்லை. பேசியும் குறையவில்லை என்றால் டெண்டரை நிராகரித்து மறுபடி கோரலாம். காரணம் கோப்பில் எழுதப்பட வேண்டும்.

'செட்டிங்' நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தக்காரர்கள் கூடிப் பேசி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு, மற்றவர்கள் பேருக்கு டம்மி போடுங்கள் என்று முடிவு செய்வதை 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் பிரிவு 3 தடை செய்கிறது. கூட்டுச் சதி நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும், லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்க இந்தியப் போட்டி ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உள்ளே இருந்த ஒருவர் உண்மையைச் சொல்லி ஆதாரம் கொடுத்தால் அபராதக் குறைப்புக்கும் வழி இருக்கிறது.

அடையாளங்களைச் சொல்கிறேன். மூன்று டெண்டரிலும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே கணினியிலிருந்து ஏற்றிய கோப்புகள். அடுத்தடுத்த எண்ணில் எடுத்த வரைவோலைகள். தோற்றவரே சப்-கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்வது. ஒரு வருடப் பட்டியலை எடுத்து வைத்தால் ஐந்து பெயர்கள் முறை வைத்து மாறி மாறி வருவது. எல்லா விலையும் எஸ்டிமேட்டுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். நான்கு சேர்ந்தால் அதிகாரி டெண்டரை ஏற்காமல் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

சிறு ஒப்பந்தக்காரர்கள் என்னிடம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "பேருக்குத்தான் போட்டேன், எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை." டம்மி போட்டவரும் சதியில் பங்கேற்றவர்தான். டிஜிட்டல் சாவியை மற்றவர் கையில் கொடுத்து வைத்திருப்பவர்கள் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதில் போகும் ஒவ்வொரு கையெழுத்தும் உங்களுடையது.

வேலை நடக்கும்போது "இதையும் சேர்த்துச் செய்துவிடு, பில்லில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். செய்யலாமா?

எழுத்தில் உத்தரவு வராமல் செய்யாதீர்கள். சொல்பவர் நல்ல எண்ணத்தோடு சொல்லலாம், நாளைக்கு மாற்றலாகிப் போய்விடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் கவுன்சிலர் கேட்டார் என்று வடிகாலை இன்னும் நாற்பது அடி நீட்டினார். புதிதாக வந்த பொறியாளர், "ஒப்பந்தத்தில் இல்லையே" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்த நாற்பது அடிக்கு இன்று வரை பணம் வரவில்லை.

கூடுதல் அளவு எந்த வரம்பு வரை பழைய விலையில், புதிய இனத்துக்கு விலை எப்படி என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். மண்ணுக்குள் மறையும் வேலையில், அதாவது அஸ்திவாரம், கம்பி, அடிக் கான்கிரீட் எல்லாவற்றிலும், மூடும் முன் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். எம்-புக்கில் ஏறாத வேலை, செய்யாத வேலைக்குச் சமம். தேதியோடு படமும் எடுத்து வையுங்கள்.

பில்லில் என்னென்ன பிடிப்பார்கள்?

ஜி.எஸ்.டி. நீங்கலாக 10 லட்சம் ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம், அதாவது 10,000. நிறுவனமாக இருந்தால் 2 சதவீதம். ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் 2 சதவீதம், 20,000. கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம், 10,000. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் நிறுத்தி வைப்பு என்று இருந்தால் 50,000. ஆக 90,000 போய் 9 லட்சத்து 10 ஆயிரம் வரும். இதில் இரண்டு வரிப் பிடித்தங்களும் உங்கள் கணக்கில் வரவு ஏறும், தொலைந்து போவதில்லை. நிறுத்தி வைத்த தொகை குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகு வரும். அதுவரை விரிசல், பள்ளம் எல்லாம் உங்கள் செலவில் சரி செய்ய வேண்டும்.

18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக வரும். அதை உங்கள் பணமாக நினைத்து அடுத்த வேலைக்குச் சிமெண்ட் வாங்கிவிடாதீர்கள்.

முடிவு தவறு என்று நினைக்கிறேன். எங்கே போவது?

ஏற்பு ஆணை கைக்கு வந்த 10 நாளுக்குள் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் பிரிவு 11-இன்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது மிகக் குறைவு. ஆணை வரும் முன்பே காகிதங்களைத் தயாராக வைத்திருந்தால்தான் முடியும். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். 1994-இல் வந்த டாடா செல்லுலார் தீர்ப்பு முதல் நீதிமன்றங்கள் ஒரே நிலையில் நிற்கின்றன: முடிவு சரியா என்று மறுபடி மதிப்பெண் போட மாட்டோம், முடிவெடுத்த முறை சரியா என்றுதான் பார்ப்போம். ஆகவே "என் விலை நியாயமானது" என்று எழுதிப் பயனில்லை. எந்த விதி, எந்த நாள், எந்தப் பக்கத்தில் மீறப்பட்டது என்று எழுதுங்கள்.

நான் ஒப்பந்தக்காரர் இல்லை. எங்கள் தெருச் சாலையின் கணக்கைக் கேட்க முடியுமா?

தாராளமாக. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'தகவல் உரிமை' என்பதற்குள் ஆவண நகல் மட்டும் அல்ல, வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுப்பதும் அடங்கும். பிரிவு 2-இல் அப்படியே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள்.

"சாலை ஏன் மோசம்" என்று கேட்டால் பதில் வராது. வேலையின் பெயரை எழுதி, எஸ்டிமேட், டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல், பணி உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, இறுதி பில், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். அந்தக் கடைசித் தேதி வருவதற்கு முன்பே பள்ளங்களைப் படம் எடுத்து, பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், பழுது பார்க்கும் செலவு ஊராட்சிப் பணத்திலிருந்து போகாது.